வாசிக்காமல் விட்டவை

ஃபகருன்னிசா முதன்முதலாக ஒரு செய்தியை வாசிக்காமல் தாண்டியது ஏப்ரல் மாதத்தில் ஒரு மத்தியானம். அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு நாராயணம்மா பீன்ஸ் நார் கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் ஃபகருன்னிசாவின் கையில் இருந்தது.

"அப்புறம்? செல்வம் என்னா போட்டுக்கிறான்?"

செல்வம் போட்டிருந்தது இதுதான்: 'பள்ளத்துப் பக்கம் தொட்டி வழியுது, மேட்டுல குடிக்கக்கூட இல்ல. வால்வு யார் கையில இருக்கோ அவங்க ஆளுங்களுக்குத்தான் தண்ணி.' அதன் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். தெரிந்த பெயர்கள்தான் எல்லாம்.

"மேட்டுப் பக்கம் தண்ணி கொஞ்சம் கம்மியா வருதாங்க்கா. அவ்ளோதான்."

"அவனுக்கு எப்பவும் அதே பாட்டு" என்று நாராயணம்மா சிரித்தாள். "நாளைக்கி மேட்டுக்கு மொதல்ல உடறேன்னு சொல்லிடு. இல்ல, குடு, நானே பேசறேன்."

மைக் படத்தை அழுத்திப் பேசிவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

வெற்றி நகர் ஓசூரிலிருந்து உத்தனப்பள்ளி போகிற சாலையில், தொழிற்பேட்டை தாண்டி இருக்கிறது. மனை போடுவதற்கு முன்னால் அங்கே கேழ்வரகு விளைந்தது. அந்த நிலத்தில் கூலிக்குக் களை எடுத்தவர்கள் நாராயணம்மாவும் அவள் புருஷன் திம்மராயனும். நிலத்தை விற்றவர் ஓரத்தில் ஒரு துண்டை அவர்களுக்கு விட்டுவிட்டுப் போனார். அதில் ஷீட் போட்ட ஒரு வீடு. அவர்களைத் தவிர நகரில் எல்லாருமே பிறகு வந்தவர்கள். ஆனேக்கல்லிலிருந்து, சேலத்திலிருந்து, திருவாரூரிலிருந்து வந்து மாடி கட்டினார்கள். கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் போர்ஷன் பிரித்து வாடகைக்கு விட்டார்கள்.

நகருக்குப் பொதுவாக ஒரு போர்வெல்லும் மேல்நிலைத் தொட்டியும் உண்டு. தொட்டியிலிருந்து ஒரு குழாய் மேட்டுக்கும் இன்னொன்று பள்ளத்துக்கும் போகும். வால்வுக் குழி நாராயணம்மா வீட்டு முன்னால். ஆரம்பத்தில் பகலில் நகரில் இருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அப்போதே வால்வு திருப்பும் கம்பியை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். யாரும் முறையாக நியமிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

தண்ணீர் என்றால் சண்டை இல்லாமல் இருக்குமா. மேட்டில் மூன்று மாடி கட்டியிருந்த செல்வம் வாரம் தவறாமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். குழியின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். தெருவே வேடிக்கை பார்க்கும். அவள் தெலுங்கில் திட்டுவாள், அவர் தமிழில் திட்டுவார். சங்கத் தலைவர் கோவிந்தப்பன் கன்னடத்தில் சமாதானம் பேசுவார். கடைசியில் நாராயணம்மா கம்பியை செல்வத்தின் கையில் திணிப்பாள். "இந்தா, நீயே திருப்பு. எவ்ளோ வருதுன்னு நீயே பாரு." அவரும் திருப்பிப் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போவார். போன வருடம் திம்மராயனுக்கு நெஞ்சு வலித்தபோது காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அந்தச் செல்வம்தான். விடியும்வரை வார்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தெருவில் யார் எந்த மொழிக்காரர் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு வாக்கியம் கன்னடத்தில் தொடங்கித் தமிழில் முடியும், எதிரில் இருப்பவர் தெலுங்கில் பதில் சொல்வார். பேசுகிறவர்களுக்கே அது தெரியாது.

தெரிய வந்தது போனில் நகருக்கென்று குரூப் ஆரம்பித்த பிறகு.

குரூப் ஆரம்பித்தவன் இளம்பரிதி. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் எஞ்சினியர். மரியாதையான பையன். கோடையில் தண்ணீர் விடும் நேரத்தை எல்லாருக்கும் ஒரே சமயத்தில் சொல்லிவிட்டால் சண்டை குறையும் என்று நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தான். முதல் வாரம் பூப்படமும் காலை வணக்கமுமாகப் போனது. இரண்டாவது வாரம் கோவிந்தப்பன் கன்னட எழுத்தில் ஏதோ கேட்டார். தண்ணீர் எப்போது வரும் என்றுதான். 'தமிழ்ல போடுங்க சார். இது தமிழ்நாடு' என்று ஒருவர் எழுதினார். 'நாங்க ஓசூர்ப் பக்கம் நாலு தலைமுறை, நீங்க எப்ப வந்தீங்க' என்று கோவிந்தப்பனின் மருமகன் ஆங்கில எழுத்தில் பதில் போட்டான். அதற்கு இருபது பேர் பதில் போட்டார்கள். எழுதிய அந்த ஒருவரும் கோவிந்தப்பனும் அன்று காலைதான் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசியிருந்தார்கள்.

ஃபகருன்னிசாவால் தமிழ், கன்னடம் இரண்டு எழுத்தையும் படிக்க முடியும். ஏழாவது வரை அத்திப்பள்ளியில் மாமா வீட்டில் தங்கிக் கன்னடப் பள்ளியில் படித்தவள். அதனால்தான் எழுதப் படிக்கத் தெரியாத நாராயணம்மா அவளைத் தேடி வந்தாள். பெங்களூரில் இருக்கும் மகன் தன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதில் மைக் படத்தை அழுத்திப் பேச மட்டும் நாராயணம்மாவுக்குத் தெரியும். வேறு எதைத் தொட்டாலும் கெட்டுப்போகும் என்று பயம். 'தண்ணி உட்டாச்சு, மேட்டுக்காரங்க புடிச்சுக்கோங்க' என்று தினமும் காலையில் அவள் குரல் குரூப்பில் ஒலிக்கும். முதலில் எல்லாரும் கும்பிடும் கை போட்டார்கள். மத்தியானம் ஃபகருன்னிசா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, யார் யார் என்ன போட்டார்கள் என்று வரிவரியாகக் கேட்பாள். கேட்கும்போது அவள் முகம் ரேடியோ கேட்பவர் முகம்போல இருக்கும்.

அந்த ஏப்ரலில் போர்வெல் இறங்கத் தொடங்கியது. தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக இறங்கும், மேட்டுக்கு ஏறாது. இது குழாய்க்கும் சரிவுக்கும் உள்ள கணக்கு. வால்வுக் குழியருகில் வந்து நின்றால் கண்ணால் பார்க்கலாம். ஆனால் இப்போது யாரும் குழிக்கு வருவதில்லை. வேலை முடிந்து வந்து, காலியான குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே போனை எடுத்தார்கள்.

செல்வம் போட்ட வரிக்குக் கீழே அன்று மாலைக்குள் இன்னும் பல வரிகள் சேர்ந்தன. 'நானும் கவனிச்சேன்' என்றார் ஒருவர். 'நானும்' என்றார் இன்னொருவர். ராத்திரியில் நாராயணம்மா தன் ஆட்களுக்கு வால்வைத் திறந்துவிடுவதாக ஒருவர் எழுத, தான் பார்த்ததாகவே அடுத்தவர் எழுதினார். குறைவாகச் சொன்ன வரிக்குக் கட்டைவிரல் கிடைக்கவில்லை, கூடுதலாகச் சொன்ன வரிக்குக் கிடைத்தது. ஆகவே ஒவ்வொருவரும் முந்தினவரைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்கள்.

ஒரு நாள் யாரோ ஒரு வாடகைப் பிள்ளை, தண்ணீர் ஏன் வரவில்லை என்று குரல் செய்தியிலேயே கேட்டுவிட்டான். தெருவில் யாருடைய போனிலோ அது ஒலித்து நாராயணம்மாவின் காதில் விழுந்தது. உடனே மைக்கை அழுத்தினாள். கோபம் வந்தால் அவளுக்கு மூன்று மொழியும் ஒன்றாக வரும். "ஏனப்பா, பைப்புலயே நீள்ளு லேது, நானு எல்லிந்த தரலி? என் கண்ணுல இருந்தா ஊத்தட்டும்?" தெலுங்கில் தண்ணீர் இல்லை என்றாள், எங்கிருந்து கொண்டுவருவேன் என்று கன்னடத்தில் கேட்டாள், தமிழில் முடித்தாள். கடைசியில் குரல் உடைந்து கீச்சென்று போயிற்று.

மறுநாள் அந்தக் குரலுக்கு மேளம் போட்டு யாரோ பாட்டாக்கியிருந்தார்கள். 'நீள்ளு லேது, எல்லிந்த தரலி' என்பது மூன்று முறை, பிறகு உடைந்த கீச்சு, பிறகு மேளம். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அதன் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் திரையை நிறைத்தன. மாதேஸ்வரியும் மூன்று முகம் போட்டிருந்தாள். மாதேஸ்வரி நாராயணம்மாவுக்கு எதிர்வீடு. அவள் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நாற்பது நாளும் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டியது நாராயணம்மா.

மத்தியானம் நாராயணம்மா வந்தபோது ஃபகருன்னிசா போனை வாங்கிக்கொண்டாள். "தேவையில்லாத படமெல்லாம் சேந்துடுச்சுக்கா, அழிச்சுடறேன்" என்று சொல்லி அந்தப் பாட்டை அழித்தாள்.

"நான் பேசுனதுக்கு என்னா சொன்னாங்க?"

ஃபகருன்னிசா திரையைப் பார்த்தாள். 'டான்ஸ் ஆடிக்கிட்டே தண்ணி திறப்பாங்க போல' என்று இருந்தது.

"பாவம், நாராயணம்மா என்ன செய்வாங்க, போர்லயே தண்ணி இல்லன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"மாதேஸ்வரி."

நாராயணம்மாவின் முகம் மலர்ந்தது. "அவ நல்ல பொண்ணு" என்றாள்.

அன்றிலிருந்து ஃபகருன்னிசா தாண்டுவது போய், இட்டுக்கட்டத் தொடங்கினாள். கெட்டதை விட்டு நல்லதை மட்டும் வாசிக்க அங்கே நல்லது இல்லை. அதனால் தானாகவே செய்தி செய்து வாசித்தாள். கோவிந்தப்பன் கன்னடத்தில் நன்றி சொன்னார் என்று கன்னடத்திலேயே வாசித்தாள். இளம்பரிதி, அம்மாவுக்கு உடம்பு எப்படி என்று கேட்டான் என்றாள். நாராயணம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்த அரைமணி நேரம் இருவருக்குமே நன்றாக இருந்தது.

ஆனால் குரூப்பில் ஃபகருன்னிசா ஒன்றும் எழுதவில்லை. ஒரு சாயங்காலம் எழுதிப் பார்த்தாள். 'தண்ணி மேடு ஏறாதது அவங்க தப்பு இல்ல. வந்து பார்த்துட்டுப் பேசுங்க.' அனுப்பும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு புருஷனிடம் வாசித்துக் காட்டினாள். ஷௌகத் அலி தொழிற்பேட்டை வாசலில் கையுறையும் பாதுகாப்பு ஷூவும் விற்கும் கடை வைத்திருக்கிறார். கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

"எல்லாரும் ஒரு பக்கம் நிக்கறாங்க. நாம மட்டும் எதிர்ல போய் நிக்கணுமா?"

"நம்ம பக்கத்து வூடுங்க."

"இல்லன்னு சொல்லலயே. இந்த நகர்ல நாம நாலு வூடு, ஃபகரு. நேர்ல ஒரு வார்த்தை சொன்னா அது அப்படியே காத்துல போயிடும். இதுல போட்டா கெடக்கும். நாளைக்கி வேற எதுக்காவது எடுத்துக் காட்டுவாங்க."

அவர் பயந்து சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். அவள் எழுத்து எழுத்தாக அழித்தாள்.

அதற்கு மறுவாரம் இளம்பரிதி ஓட்டெடுப்பு ஒன்று போட்டான். வால்வுக் குழிக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சங்கத்திடம் வைத்து, முறை வைத்துத் திறக்கலாமா? சரி, வேண்டாம் என்று இரண்டு கட்டம். 'வேண்டாம்' கட்டத்தில் யாரும் இல்லை. ஃபகருன்னிசா எந்தக் கட்டத்தையும் தொடவில்லை. தொடாதவர்கள் எத்தனை பேர் என்று அதில் தெரியாது. எல்லாரும் சம்மதம் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஃபகருன்னிசாவுக்கே அப்படித்தான் தோன்றியது.

'ஞாயித்துக்கிழமை மீட்டிங் வெச்சு அவங்ககிட்ட நேர்ல சொல்லிடலாம். சொல்லாம பூட்டறது மரியாதை இல்ல' என்று இளம்பரிதி எழுதினான்.

"தண்ணி விஷயமாப் பேசப் போறாங்களாம்க்கா" என்று ஃபகருன்னிசா வாசித்தாள்.

"பேசட்டும். பேசுனாத்தான் தீரும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அக்கா, உங்களுக்கு எதிராப் பேசறாங்க என்று ஒரு வரி போதும். ஆனால் அதைச் சொன்னால் அதற்கு முன்னால் வாசித்த அத்தனையும் பொய் என்று ஆகும். அவள் டீ வைக்கப் போனாள்.

கூட்டம் கோவிந்தப்பன் வீட்டுக் கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. நாராயணம்மா இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அவள் உள்ளே நுழைந்ததும் நான்கு பேர் எழுந்தார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மாதேஸ்வரி தன் டீயை அவளிடம் நீட்டினாள். "திம்மராயண்ணனுக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று செல்வம் கேட்டார். ஃபகருன்னிசா பெண்களோடு சுவரோரம் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இந்த முகங்களா எழுதின என்று இருந்தது. எதிலும் நடிப்பு தெரியவில்லை.

இளம்பரிதி எழுந்து தொண்டையைச் செருமினான். "தண்ணிப் பிரச்சினை எல்லாருக்கும் தெரியும். அதப் பத்தி குரூப்ல ஒரு, ஒரு கருத்து வந்துச்சு." அவன் செல்வத்தைப் பார்த்தான். செல்வம் தன் செருப்பைப் பார்த்தார்.

யாரும் தொடங்காததால் நாராயணம்மாவே தொடங்கினாள். "என்னா கருத்து? தண்ணி கம்மியாப் போச்சு, அதான. இனிமே வெடியக்காலம் மேட்டுக்கு மட்டும் உடறேன். பள்ளத்துக்காரங்க சாயந்திரம் புடிக்கட்டும். எங்க வூட்டுக்கும் சாயந்திரம்தான். ஏன் செல்வம், லுங்கிய மடிச்சுக் கட்டினு வர்றத உட்டுட்டு, மோட்டாரு போட்டு எல்லாத்தையும் நீயே உறிஞ்சாம இருந்தா, உன் பக்கத்து வூட்டுக்கும் போவும்."

எல்லாரும் சிரித்தார்கள். செல்வமும் சிரித்தார். அது நல்ல சிரிப்பு. அவள் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் தாவித் தாவி, யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எந்த ஷிப்ட், யார் எப்போது பிடித்தால் சௌகரியம் என்று சொல்லச் சொல்லத் தலைகள் ஆடின. கோவிந்தப்பன் கையைத் தட்டினார். "ஆய்த்து, விடுங்க. அவங்க சொல்றது சரிதான். நாராயணம்மாவே பாத்துக்கட்டும்."

"சரிங்க" என்றான் இளம்பரிதி. அவன் முகத்திலும் நிம்மதி தெரிந்தது. "சரி, சரி" என்று பல குரல்கள்.

ஃபகருன்னிசாவுக்கு அழுகை வரும்போல இருந்தது. தான் சொல்லாமல் விட்டதே நல்லதாகிவிட்டது என்று நினைத்தாள். வீட்டுக்கு வரும் வழியில் நாராயணம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "பாத்தியா, எல்லாரும் என் மேல எவ்ளோ பிரியமா இருக்குறாங்க" என்றாள்.

இருட்டுவதற்குள் குரூப் விழித்துக்கொண்டது.

'மீட்டிங்ல ஏன் யாரும் வாயத் தொறக்கல?' என்று கூட்டத்துக்கு வராத ஒருவர் கேட்டார். 'வயசானவங்க மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்றது' என்று ஒரு பதில். 'செல்வம் சார் பேசுவார்னு நெனச்சேன்.' 'அட்மின்தான பேசணும்?' 'எல்லாரும் தலைய ஆட்டுனீங்க, நான் மட்டும் எப்படி?' கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். அது கசந்தது. பிறகு யாரோ எழுதினார்கள்: 'அந்தம்மா பேசிப் பேசியே எல்லாரையும் மயக்கிடுச்சு.' அந்த வரியில் எல்லாருக்கும் ஒரு வழி கிடைத்தது. 'ஆமா, நல்ல நடிப்பு.' 'சிரிக்க வெச்சே சாதிச்சுடுச்சு.' 'எல்லார் முன்னாடியும் என் மோட்டாரப் பத்திப் பேச இவங்க யாரு?' என்று செல்வம் போட்டார். சிரித்தபோது அவருக்கு வலித்திருக்கிறது. அல்லது இப்போதுதான் வலித்தது. 'ஓட்டுல முடிவானது முடிவானதுதான்' என்று ஒருவர் எழுத, கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன.

மறுநாள் விடியற்காலம் மேட்டுக்குத் தண்ணீர் விட நாராயணம்மா கம்பியோடு வெளியே வந்தபோது, குழியின் மூடியில் புதுச் சங்கிலியும் பூட்டும் தொங்கின.

அவள் முதலில் யாரோ திருடன் வேலை என்று நினைத்தாள். வீடு வீடாகப் போய்க் கேட்டாள். "அப்படியா? தெரியலியேம்மா" என்றார்கள். மாதேஸ்வரி வெளியே வந்து பூட்டைக் குனிந்து பார்த்து, "யாரு இந்த வேலை பண்ணது" என்று ஆச்சரியப்பட்டாள். நாராயணம்மா மைக்கை அழுத்தினாள். "யாரோ குழிக்குப் பூட்டுப் போட்டுக்கிறாங்கப்பா. மேட்டுக்குத் தண்ணி உடணும். சாவி யாருகிட்ட இருந்தாலும் கொஞ்சம் குடுங்க." செய்தியின் ஓரத்தில் நீலக் குறி விழுந்தது. எல்லாரும் கேட்டுவிட்டார்கள். பதில் வரவில்லை.

"என்னா சொல்றாங்க?" என்று மத்தியானம் வந்து நின்றாள்.

"யாருக்கும் தெரியலயாம்க்கா" என்றாள் ஃபகருன்னிசா.

சாவி இளம்பரிதியிடம் இருந்தது. இரண்டு நாள் அவன் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சுற்றுவழியில் போனான். மூன்றாம் நாள் நாராயணம்மா வழியில் மடக்கிக் கேட்டபோது, "சங்கத்து முடிவும்மா, உங்களுக்கும் வயசாச்சு, ஓய்வு குடுக்கலாம்னு" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். ஓய்வு என்ற வார்த்தையை நாராயணம்மா நம்பப் பார்த்தாள். ஃபகருன்னிசாவிடம் வந்து அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் திம்மராயனுக்கு மாத்திரை வாங்க அவள் ஓசூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, உத்தனப்பள்ளி பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். முன்சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பெண்பிள்ளைகள். எந்த ஊர்ப் பிள்ளைகளோ, அவளுக்குத் தெரியாது, அவர்களுக்கும் அவளைத் தெரியாது. ஒருத்தி போனைத் தட்டினாள். மேளம் அடித்தது. 'நீள்ளு லேது, எல்லிந்த தரலி.' இருவரும் தோளில் சாய்ந்து சிரித்தார்கள். இன்னொரு தடவை போடு என்றாள் மற்றவள். பக்கத்துச் சீட்டு ஆளும் எட்டிப் பார்த்தார். நாராயணம்மாவும் முதலில் சிரித்துவிட்டாள், பிள்ளைகள் அப்படிச் சிரித்ததால். இரண்டாவது தடவை அந்தக் கீச்சு வந்தபோதுதான் அது யார் குரல் என்று தெரிந்தது.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக ஃபகருன்னிசாவிடம் வந்தாள். மாத்திரைப் பை கையில் இருந்தது. உள்ளே வரவில்லை, உட்காரவும் இல்லை. போனை நீட்டினாள்.

"மொதல்ல இருந்து படி."

"எதக்கா?"

"எல்லாத்தையும். நீ படிக்காதத."

ஃபகருன்னிசா போனை வாங்கினாள். ஏப்ரல் வரைக்கும் மேலே தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து வாசித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்கப் பார்த்தாள். முடியவில்லை. நாராயணம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். நடுவில் ஒரே ஒரு கேள்விதான்.

"மாதேஸ்வரி என்னா போட்டா?"

"எழுதலக்கா. சிரிச்ச மூஞ்சி போட்டா."

"எத்தினி?"

"மூணு."

நாராயணம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். ஓட்டெடுப்பு, கூட்டத்துக்குப் பிந்தைய மாலை, பூட்டு, எல்லாம் முடிந்தன. ஃபகருன்னிசா வாசித்து முடித்தாள். நாராயணம்மா திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தாள்.

"நீ என்னா போட்ட?" என்று கேட்டாள் நாராயணம்மா.

"நான் ஒண்ணும் போடலக்கா."

"நல்லதா ஒண்ணு?"

ஃபகருன்னிசா போனை அவளிடம் திருப்பி நீட்டினாள்.

"நீ படிச்சது எல்லாம் நீயே சொன்னதா அப்ப?"

"ஆமாக்கா."

"எனக்கு வாய்க்கு வாய் அத்தினி நல்ல வார்த்தை சொன்னியே. அதுல ஒரு வார்த்தைய அங்க போட்டிருந்தீன்னா?"

கோபத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.  நாராயணம்மா பையோடு திரும்பிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஃபகருன்னிசா புருஷனிடம் கேட்காமல் குரூப்பில் எழுதினாள். நாராயணம்மாவுக்கு நாம் செய்தது அநியாயம், அவர் குரலைக் கேலி செய்தவர்கள் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நீளமாகவே எழுதினாள். இரண்டு பேர் கும்பிடும் கை போட்டார்கள். 'சரியாச் சொன்னீங்க' என்று மாதேஸ்வரி போட்டாள். அதற்குள் போர்வெல் சுத்தமாக நின்றுபோனது, நாளை லாரித் தண்ணீர் வரும் என்று இளம்பரிதி அறிவித்தான். லாரி எந்த முனையில் நிற்க வேண்டும் என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அவள் எழுதியது மேலே ஏறி ஏறிக் கண்ணில் படாமல் போயிற்று. பூட்டு மட்டும் குழியின் மேல் கிடந்தது. திறந்தாலும் விட அங்கே தண்ணீர் இல்லை. லாரி நிற்க வேண்டிய முனையைப் பற்றிய சண்டையில் அடுத்து இளம்பரிதியின் பெயர் அடிபடத் தொடங்கியது.

நாராயணம்மா வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள். திம்மராயன்தான் கடைக்குப் போய் வந்தார். பத்து நாள் கழித்து ஃபகருன்னிசா கொஞ்சம் சேமியாப் பாயசம் எடுத்துக்கொண்டு போனாள். நாராயணம்மா பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கக்கா போறீங்க?"

"பாரூர்ல என் தங்கச்சி இருக்கறா. நெல்லு நடவு இருக்குதாம். கொஞ்ச நாளு அங்க இருந்துட்டு வர்றோம்." சாமான்களைப் பார்த்தால் கொஞ்ச நாள் மாதிரித் தெரியவில்லை. பாயசத்தை வாங்கி மூடி வைத்தாள். போனை எடுத்துக் கொடுத்தாள். "இதுல இருந்து என்ன எடுத்துடும்மா. எனக்கு எப்படின்னு தெரியல."

ஃபகருன்னிசா அழுத்தினாள். நாராயணம்மா வெளியேறினார் என்று திரையில் ஒரு சின்ன வரி வந்தது. அடுத்த வரியில் லாரி வந்துவிட்டது, குடத்தோடு வரவும் என்று இருந்தது.

வெளியே வந்தபோது மாதேஸ்வரி லாரித் தண்ணீர் பிடித்துவிட்டு இரண்டு குடத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். ஃபகருன்னிசாவைப் பார்த்ததும் குடங்களை இறக்கி வைத்தாள்.

"ஏங்க்கா, நாராயணம்மாக்கா ஏன் வெளியவே வர்றதில்ல? உடம்பு கிடம்பு சரியில்லயா? எனக்கு மனசே சரியில்ல. ரெண்டு நாளா சாப்பாடுகூட எறங்கல."

ஃபகருன்னிசா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பொய் இருக்கிறதா என்று தேடினாள். கண் ஓரம் ஈரமாக இருந்தது. அவள் உண்மையாகத்தான் கவலைப்பட்டாள்.

"ஊருக்குப் போறாங்களாம்" என்றாள் ஃபகருன்னிசா.

"ஐயோ, சொல்லவே இல்லயே" என்று மாதேஸ்வரி வேகமாக அந்த ஷீட் வீட்டை நோக்கி நடந்தாள். குடங்கள் தெருவிலேயே நின்றன.